ஒரே ஒரு டாலர்தானே!

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைத் தேடிப்பிடித்துப் பார்க்கிற வியாதி எனக்கு உண்டு என்பது இந்தப் பக்கம் வந்து போகிறவர்களுக்குத் தெரியும். இந்த முறை மாட்டியது 1950-ல் வந்த 'மிஸ்டர் 880'. ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் தயாரிப்பு. எட்மண்ட் கூல்டிங் இயக்கம், ராபர்ட் ரிஸ்கின் திரைக்கதை. பர்ட் லங்காஸ்டர் துப்பறிகிறார், டோரதி மெக்குவையர் காதலிக்கிறார். ஆனால் படம் இவர்கள் இரண்டு பேருடையதும் இல்லை. எட்மண்ட் க்வென் என்கிற கிழவருடையது.

க்வென்னை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள், பெயர்தான் தெரிந்திருக்காது. ஒவ்வொரு டிசம்பரிலும் இங்கே டிவியில் போடும் 'மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்' (1947) படத்தில் கிறிஸ்துமஸ் தாத்தாவாக வருவாரே, அவர்தான். அதற்கு ஆஸ்கர் வாங்கினார். மூன்று வருடம் கழித்து அதே முகம், அதே குறும்புச் சிரிப்பு, 'மிஸ்டர் 880'-ல் கள்ளநோட்டு அடிக்கிறது. கிறிஸ்துமஸ் தாத்தா கள்ளநோட்டு அடித்தால் யாருக்குக் கோபம் வரும்? இந்த வேடத்துக்கும் ஆஸ்கர் பரிந்துரை, கோல்டன் குளோப் பரிசு இரண்டும் கிடைத்தன.

படத்தில் அவர் பெயர் ஸ்கிப்பர் மில்லர். பழைய சாமான் வாங்கி விற்கிறவர். சமையலறையில் ஒரு சின்ன அச்சு இயந்திரம் வைத்திருக்கிறார். அதற்கு 'கசின் ஹென்றி' என்று பெயர். கையில் காசு தீர்ந்தால் ஹென்றியைக் கவனிப்பார். நாலைந்து ஒரு டாலர் நோட்டு அடிப்பார், அவ்வளவுதான். பேராசை கிடையாது. தெருப்பிள்ளைகளுக்கு அவரை அவ்வளவு பிடிக்கும்.

இது கற்பனை என்றால் ரசித்துவிட்டுப் போயிருப்பேன். அத்தனையும் அநேகமாக நடந்த கதை என்பதுதான் என்னை உட்காரவைத்து எழுத வைக்கிறது.

நிஜ மனிதரின் பெயர் எமெரிக் யூட்னர். எட்வர்ட் ம்யூலர் என்றும் பெயர் வைத்துக்கொண்டிருந்தார். 1876-ல் ஆஸ்திரியாவில் பிறந்து, 1890 வாக்கில் பதின்ம வயதில் நியூயார்க் வந்து இறங்கியவர். நம்மைப் போல வந்தேறிதான். படச் சட்டங்களுக்குப் பொன்முலாம் பூசும் வேலை பார்த்தார். கல்யாணம் செய்துகொண்டு இரண்டு குழந்தைகள் ஆனபின், அடுக்குமாடிக் கட்டடங்களைப் பராமரிக்கும் வேலைக்குப் போனார். 1937-ல் மனைவி இறந்துபோனார். பிள்ளைகள் வளர்ந்து தனித்தனியாகப் போய்விட்டார்கள். மேற்கு 96-ம் தெருப் பக்கம் ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் ஒரு நாய்க்குட்டியோடு குடியேறி, தள்ளுவண்டியில் பழைய இரும்பும் உடைந்த பொம்மையும் பொறுக்கி விற்க ஆரம்பித்தார். அதில் வயிறு நிறையவில்லை.

1938 நவம்பரில் பிராட்வே பக்கத்துச் சுருட்டுக் கடை ஒன்றிலிருந்து முதல் நோட்டு சிக்கியது. கள்ளநோட்டைப் பிடிக்கும் சீக்ரெட் சர்வீஸ்காரர்கள் (அமெரிக்க ஜனாதிபதிக்குக் காவலாகக் கறுப்புக் கண்ணாடி போட்டு நிற்கிறார்களே, அவர்களே. 1865-ல் அந்தத் துறை ஆரம்பித்ததே கள்ளநோட்டை ஒழிக்கத்தான்) அந்த நோட்டைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். கடையில் கிடைக்கும் சாதாரண எழுதும் தாள். கேமராவில் ஒரு டாலரைப் படம் எடுத்து, துத்தநாகத் தகட்டில் ஏற்றி, அமிலத்தில் அரித்து, மீதியைக் கையால் தீட்டிச் சரிசெய்த வேலை. எழுத்துகள் மங்கல். வாஷிங்டனின் ஒரு கண் வெறும் மைத்திட்டு. பிற்பாடு தகட்டைத் திருத்தும்போது 'வாஷிங்டன்' என்ற பெயரிலேயே இரண்டு எழுத்து இடம் மாறிவிட்டது. அந்தப் பிழையோடு நோட்டு வருடக்கணக்கில் ஊரைச் சுற்றியது!

அந்த வழக்குக் கோப்பின் எண் 880. ஆளைத்தான் காணோம். ஒரு கடைக்கு ஒருமுறை கொடுத்தால் மறுபடி போகமாட்டார். யாருக்கும் ஒன்றுக்கு மேல் கொடுக்கமாட்டார். அன்றன்றைக்குச் சாப்பாட்டுக்கு எவ்வளவு வேண்டுமோ அதற்கு மேல் மாற்றமாட்டார். பெரிய கும்பலைத் தேடிப் பழகியவர்களுக்கு இப்படிப்பட்ட ஆளை எங்கே தேடுவதென்று புரியவில்லை. நோட்டு கிடைத்த இடங்களையெல்லாம் வரைபடத்தில் குண்டூசி குத்தி வைத்தார்கள். பத்தாயிரம் கடைகளுக்கு இரண்டு லட்சம் எச்சரிக்கைச் சீட்டுகள் கொடுத்தார்கள். பத்து வருடம் இப்படியே ஓடியது.

கடைசியில் பிடித்தது அவர்கள் இல்லை. 1947 டிசம்பரில் கிழவர் வீட்டில் தீப்பிடித்தது. தீயணைப்புக்காரர்கள் அறையில் இருந்த குப்பைகூளத்தையெல்லாம் ஜன்னல் வழியாகப் பின்சந்தில் வீசினார்கள். பனி பெய்து எல்லாவற்றையும் மூடியது. பனி கரைந்தபோது அங்கே விளையாடிய பையன்கள் தகடுகளையும் சில வேடிக்கையான டாலர்களையும் பொறுக்கினார்கள். ஒரு பையனுடைய அப்பா சந்தேகப்பட்டுப் போலீசுக்குக் கொண்டுபோனார். 1948 ஜனவரியில் கிழவர் பிடிபட்டார். கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொன்னாராம். ஒருவருக்கு ஒன்றுக்கு மேல் கொடுத்ததே இல்லை, அதனால் யாருக்கும் ஒரு டாலருக்கு மேல் நஷ்டமில்லை என்பதுதான் அவர் கட்சி.

தண்டனை ஒரு வருடம் ஒரு நாள். அந்த ஒரு நாள் கருணையால் வந்தது. ஒரு வருடத்துக்கு மேல் தண்டனை என்றால்தான் மூன்றில் ஒரு பங்கு கழித்ததும் பரோலில் வரமுடியும். நாலு மாதத்தில் வெளியே வந்துவிட்டார். கூடவே அபராதமும் உண்டு. எவ்வளவு? ஒரு டாலர்.

1949-ல் செயின்ட் கிளேர் மெக்கெல்வே 'நியூயார்க்கர்' பத்திரிகையில் இந்தக் கதையை விரிவாக எழுதினார். அதிலிருந்து படம் வந்தது. பத்து வருடம் அடித்த கள்ளநோட்டு மொத்தம் ஐயாயிரம் டாலரைச் சுற்றி. படத்துக்குக் கதையைக் கொடுத்து அவர் சம்பாதித்தது அதைவிட அதிகம் என்பார்கள். 1955-ல் காலமானார்.

படம் முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து பாதியில் சேர்ந்துகொண்ட என் பெண் சொன்னாள்: "பாவம்ப்பா அந்தத் தாத்தா. ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரே ஒரு டாலர்தானே எடுத்தாரு. அதுக்குப் போய் ஜெயிலா?"

அந்த 'தானே'தான் இந்தப் பதிவு.

முதலில் அந்த ஒரு டாலரை எடைபோட்டுப் பார்ப்போம். யூட்னர் முதல் நோட்டை மாற்றியது 1938 நவம்பர் என்றேன் அல்லவா? அதற்குச் சற்று முன்பு, அக்டோபர் 24-ல், அமெரிக்காவில் முதல்முறையாக நாடு முழுவதற்குமான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அமலுக்கு வந்தது. மணிக்கு 25 சென்ட். அதாவது ஒரு டாலர் என்பது நாலு மணி நேர உழைப்பு. நியூயார்க் சப்வேயில் அப்போது கட்டணம் 5 சென்ட். அது 1948 வரை மாறவில்லை. ஒரு டாலருக்கு இருபது பயணம். இன்றைக்கு நாம் காபிக் கடையில் உண்டியலில் போட்டுவிட்டு வருகிற டாலர் இல்லை அது. பெட்டிக்கடைக்காரருக்கு அரை நாள்.

அவர் நோட்டை மாற்றிய இடங்களையும் பாருங்கள். சுருட்டுக்கடை, பத்திரிகை விற்கும் கூண்டு, மளிகைக்கடை, சப்வே டிக்கெட் கவுண்டர். பெரிய வங்கி ஒன்றுகூட இல்லை. இருக்கவும் முடியாது. அந்த நோட்டை வங்கி குமாஸ்தா ஒரு பார்வை பார்த்தாலே போதும். மாலை நேரம் கூட்டம் நெரியும்போது, சில்லறை எண்ணுகிற அவசரத்தில் நோட்டைப் பார்க்காத கை வேண்டும். அந்தக் கை பெரும்பாலும் இன்னொரு வந்தேறியின் கையாகத்தான் இருந்திருக்கும். அன்றைய நியூயார்க்கில் பழக்கடையும் பத்திரிகைக் கூண்டும் நடத்தியவர்கள் இத்தாலியிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்தவர்கள்தானே.

கள்ளநோட்டுக்கு ஒரு குணம் உண்டு. அடித்தவனுக்கு லாபம். இடையில் கைமாற்றியவர்களுக்கு லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. யார் கையில் இருக்கும்போது அது பொய் என்று தெரிகிறதோ அவர் மட்டும் முழு நஷ்டத்தையும் சுமக்கவேண்டும். மியூசிக்கல் சேர் மாதிரி. இங்கேயும் அப்படித்தான், ஊரிலும் அப்படித்தான்.

ஊர் என்றதும் விழிஞ்ஞம் வந்துவிடுகிறது. அப்பாவுக்கு நாகர்கோவில் பக்கம். வேலை கிடைத்தது விழிஞ்ஞத்தில். அதனால் வீட்டுக்குள் தமிழும் படி இறங்கினால் மலையாளமுமாக வளர்ந்தோம். திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே 16 கிலோமீட்டர். இன்றைக்கு 2025 மே மாதம் திறந்துவைத்த பெரிய துறைமுகத்தால் உலகத்துக்கே தெரிந்த பெயர். எனக்கு விழிஞ்ஞம் என்றால் மீன் ஏலம். படகு கரைக்கு வந்ததும் ஏலம் கூவுவார்கள். பெண்கள் கடன் வாங்கிய காசில் மீன் எடுத்து, அலுமினியச் சருவத்தில் ஐஸ் போட்டு, தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக விற்று, சாயந்திரம் கடனை அடைத்துவிட்டு மிச்சத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வீடு போவார்கள்.

எங்கள் வீட்டுக்கு வருகிற சேச்சியிடம் சில வருடங்களுக்கு முன்னால் யாரோ ஒரு ஐந்நூறு ரூபாய் கள்ளநோட்டைத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். அவர் அறியாமல் அதை வங்கியில் கட்டப் போயிருக்கிறார். வங்கியில் நோட்டின்மேல் முத்திரை குத்தி வாங்கி வைத்துக்கொண்டு ஒரு ரசீது கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, ரிசர்வ் வங்கியின் விதி அதுதான். கள்ளநோட்டைத் திருப்பித் தரக்கூடாது, அதற்குப் பணமும் தரக்கூடாது. ஒரே நேரத்தில் நாலு நோட்டு வரை இருந்தால் மாதம் ஒருமுறை போலீசுக்கு மொத்தமாகத் தகவல் போகும். ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் உடனே வழக்குப் பதிவு. "மீனும் போச்சு, நோட்டும் போச்சு, கையில இந்தத் துண்டுச் சீட்டு" என்று சேச்சி சொன்னதாக அம்மா போனில் சொன்னாள்.

அவர் வேறு என்ன செய்திருக்கலாம்? கள்ளநோட்டு என்று தெரிந்தபின் இன்னொருவர் தலையில் கட்டியிருக்கலாம். அப்படிச் செய்தால், முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 489-பி, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 179-வது பிரிவு. ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம். ஆக, சட்டத்தை மதிக்கிற ஏழைக்கு இருக்கிற ஒரே வழி நஷ்டத்தை விழுங்குவது.

யூட்னர் கதையில் இந்தச் சேச்சியைக் காணோம். அவரை மாதிரி நியூயார்க்கில் ஆயிரக்கணக்கான பேர் இருந்திருப்பார்கள். மெக்கெல்வே கட்டுரையில் கடைக்காரர்கள் அவ்வப்போது வந்துபோவார்கள். படத்தில் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்விடுகிறார்கள். அவர்களில் ஒருவரையாவது சாயந்திரம் வீட்டில் உட்கார்த்தி, கணக்கில் ஒரு டாலர் குறைகிறதே என்று திரும்பத்திரும்ப எண்ணவிட்டிருந்தால், க்வென்னின் சிரிப்பு அவ்வளவு அழகாக இருந்திருக்காது. நஷ்டத்தை ஐயாயிரம் துண்டாக நறுக்கிவிட்டால் எந்தத் துண்டும் கதையாவதில்லை. கிழவருடைய நல்ல குணம் என்று நாம் ரசிப்பதே அவருடைய பாதுகாப்பும்கூட. நூறு டாலர் போனால் கடைக்காரர் விடமாட்டார். ஒரு டாலருக்காக அரை நாள் கடையை மூடிவிட்டுப் போலீசுக்குப் போனால் இன்னொரு டாலரும் போகும்.

சின்னக் காசில் பொய் கலப்பது எவ்வளவு பழைய தொல்லை என்பதற்கு எங்கள் பக்கத்துச் சரித்திரமே போதும். விழிஞ்ஞம் ஆய் மன்னர்களின் துறைமுகமாக இருந்தது. எட்டாம் நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையன் வந்து அழித்தான். பிறகு ராஜராஜ சோழன் வந்தான். வந்தவர்கள் ஒவ்வொருவரோடும் காசும் மாறியிருக்கும். கடைசியாகத் திருவிதாங்கூர். அதற்குத் தனி நாணயம் உண்டு. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அதாவது 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ இருபத்தெட்டரை சக்கரம். இந்த அரைச் சக்கரக் கணக்கில் எத்தனை பேர் ஏமாந்தார்களோ! நாஞ்சில் நாட்டில் பெரியவர்கள் இன்னும் "கையில சக்கரம் இல்ல" என்பார்கள். 1949-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றானபோது அந்த நாணயம் போய்விட்டது, சொல் தங்கிவிட்டது.

பழைய வெள்ளிச் சக்கரம் பருப்பு அளவுதான் இருக்கும். கையால் எண்ணி மாளாது என்பதால் சக்கரப்பலகை என்று ஒன்று வைத்திருந்தார்கள். மரப்பலகையில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். ஒரு பிடி காசைக் கொட்டி ஆட்டினால் குழிக்கு ஒன்றாக உட்காரும். மிச்சத்தைத் தள்ளிவிட்டால் எண்ணிக்கை தயார். பார்க்க அருமையான ஏற்பாடு. ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்தப் பலகை எண்ணுமே தவிர எடைபோடாது. குழியில் உட்கார்ந்தால் காசு. வெள்ளியா ஈயமா என்று அதற்குத் தெரியாது. நியூயார்க் கடைக்காரரின் அவசரக் கையும் அந்தப் பலகையும் ஒன்றுதான்.

அதனால்தான் தமிழில் வண்ணக்கன் என்று ஒரு தொழில்பெயரே இருந்தது. நாணயத்தைச் சோதித்து நல்லது கெட்டது சொல்கிறவர். சங்கப் புலவர்களிலேயே வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் என்று ஒருவர் உண்டு. ஆக இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே சந்தையில் ஒருவர் உட்கார்ந்து காசு பார்க்க வேண்டியிருந்திருக்கிறது. அதே மொழியில் 'நாணயம்' என்றால் காசும் நேர்மையும் இரண்டும்தான். காசு என்பதே ஒரு வாக்கு, அதை வாங்குகிறவர் நம்பி வாங்குகிறார் என்பதை யாரும் பாடம் எடுக்காமலே இந்தச் சொல் நமக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

இவ்வளவும் எழுதிவிட்டு, கிழவரைத் தூக்கில் போடவேண்டும் என்று சொல்லப்போகிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்கும் அவரைப் பிடித்திருக்கிறது. இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்த்தேன். இந்த நாட்டில் சோஷியல் செக்யூரிட்டி மாத ஓய்வூதியம் கொடுக்க ஆரம்பித்தது 1940-ல். அதிலும் சொந்தமாகத் தொழில் செய்கிறவர்களைச் சேர்த்துக்கொண்டது 1951-லிருந்துதான். தள்ளுவண்டிக்காரருக்கு அதில் இடமே இல்லை. ஐம்பது வருடம் இந்த ஊரில் உழைத்த மனிதர், அறுபது வயதுக்கு மேல் மனைவியும் போனபின், பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கவும் மனசில்லாமல், தர்மம் கேட்கவும் மனசில்லாமல் நின்றார். ஐயாயிரத்தைப் பத்து வருடத்துக்கு வகுத்தால் நாளைக்கு ஒன்றரை டாலருக்கும் குறைவு. அது பேராசைக்காரர் கணக்கு இல்லை, ஓய்வூதியக் கணக்கு. அரசாங்கம் கொடுக்காத ஓய்வூதியத்தை அவர் தானே அச்சடித்துக்கொண்டார்.

பிரச்சினை என்னவென்றால், அதற்கான பணம் அரசாங்கத்திடமிருந்து வரவில்லை. சுருட்டுக்கடைக்காரரிடமிருந்து வந்தது. தன்னைப் போலவே ஓய்வூதியம் இல்லாத, தன்னைப் போலவே கப்பலில் வந்து இறங்கிய இன்னொரு மனிதரிடமிருந்து. ஊருக்கு அப்பா அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு வந்து, மாதாமாதம் டாலர் அனுப்புகிற நமக்கு இந்தக் கதையின் இரண்டு பக்கமும் சுடத்தான் செய்கிறது. ஒருபக்கம் தனியாக மாடியில் இருக்கிற அந்தக் கிழவர் நம் அப்பாவாக இருக்கலாம். இன்னொரு பக்கம் ஏமாந்த அந்தக் கடைக்காரர் நாமாகவே இருக்கலாம்.

பெண்ணிடம் இதைத்தான் கொஞ்சம் சுருக்கமாகச் சொன்னேன். தாத்தாவைப் பிடித்துப்போனால் தப்பே இல்லை. அவரைப் பட்டினி போட்டவர்கள் மேல் கோபப்படு, அதுவும் சரி. 'ஒரே ஒரு டாலர்தானே' என்று மட்டும் சொல்லாதே. அதைச் சொல்ல உரிமையுள்ளவர் அந்த டாலரை இழந்தவர் மட்டும்தான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அபராதம் போட்ட அந்த ஒரு டாலர் யாருக்குப் போச்சு?" என்று கேட்டாள். அரசாங்கத்துக்கு என்றேன். "கடைக்காரருக்கு இல்லையா?" என்றாள். இல்லை. நீதிபதியின் நகைச்சுவையை எல்லாரும் ரசித்தார்கள், ஆனால் அந்த டாலரும் கடைக்காரரிடம் போகவில்லை.

இப்போது விழிஞ்ஞத்தில் மீன் விற்கிற பெண்கள் பலரிடம் க்யூஆர் அட்டை வந்துவிட்டது. கள்ளநோட்டுத் தொல்லை குறைந்திருக்கும் என்று நினைத்தால், பணம் அனுப்பியதாகப் பொய்த் திரையைக் காட்டிவிட்டுப் போகிற புதுக்கூட்டம் நாட்டில் கிளம்பியிருக்கிறது. நூறு ரூபாய், இருநூறு ரூபாய். எல்லாம் சின்னத்தொகைதான், யாரும் புகார் கொடுக்கப் போகமாட்டார்கள். அதற்காகவே கடைகளில் பணம் வந்தால் குரல் கொடுக்கிற ஒலிப்பெட்டி வைக்கிறார்கள். அந்தக் காலத்து வண்ணக்கன் வேலையை இந்தக் காலத்தில் அது பார்க்கிறது. ஆனால் சருவத்தைத் தலையில் சுமந்துகொண்டு வெயிலில் நடக்கிறவர் அந்தப் பெட்டியையும் எங்கே வைத்துக்கொள்வார்?